அறுபத்தைந்தாவது வீடு

சென்னைப் பட்டணத்தின் தெற்குப் பாகத்தில் ஓயாமல் ஒரு யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் திடுக்கிடாதீர்கள். மயிலாப்பூரில் மாடி வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. தியாகராய நகரில் கடைத்தெருவுக்கு ஒரு சந்து தள்ளி நடக்கிறது. அடையாற்றில் ஆற்றங்கரைக் காற்று வீசும் அடுக்கு வீடுகளில் நடக்கிறது. சத்தம் கிடையாது, ரத்தம் கிடையாது. யானை உண்டு, குதிரை உண்டு, காலாட்படை உண்டு, ராஜாவும் ராணியும் உண்டு. எல்லாம் கைக்கு அடக்கமான பொம்மைகள். படையை நடத்தும் சேனாதிபதிக்கு வயது எட்டோ ஒன்பதோ இருக்கும். அவர் களத்துக்குப் புறப்படும் சமயத்தில், "பாலைக் குடித்துவிட்டுப் போ!" என்று சமையலறையிலிருந்து ஓர் உத்தரவு பிறக்கும். எதிரி ராஜாவை முற்றுகையிடத் துணிந்த சேனாதிபதிக்கு, அந்த உத்தரவை மீறும் துணிவு மட்டும் கிடையாது.

சதுரங்கத்தைத்தான் சொல்கிறோம். சதுர் என்றால் நான்கு. அங்கம் என்றால் படையின் உறுப்பு. ரத, கஜ, துரக, பதாதி என்று நம் பாட்டிமார் கதையில் சொல்வார்களே, அந்த நால்வகைச் சேனையையும் அறுபத்து நாலு கட்டத்துக்குள் கொண்டுவந்த விளையாட்டு இது. கட்டத்தை 'வீடு' என்று சொல்வதும் நம்மிடையே வழக்கம். அறுபத்து நாலு வீடு, முப்பத்திரண்டு காய். இதை வைத்துக்கொண்டு இந்த ஊர் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது.

பெரிய பந்தயம் ஒன்று வருகிறது என்றால் இந்த ஊரும் இந்த ஊர் வீடுகளும் எப்படித் தயாராகின்றன? பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள். மயிலாப்பூரில் புறப்பட்டு ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை, தியாகராய நகர் வழியாக அடையாற்றங்கரைக்குப் போவோம். அதற்கு மேலும் தெம்பு இருந்தால் கடலோரமாக மாமல்லபுரம் வரை ஓர் ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பலாம்.

மாட வீதியில் மந்திரி

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை உங்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நவராத்திரிக்கு முன்னால் அங்கே நடைபாதையெல்லாம் கொலுப் பொம்மைகள் வந்து குந்திக்கொள்ளும். செட்டியாரும் அவர் மனைவியும் பருப்பும் அரிசியும் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் ராம லட்சுமணர் நிற்பார்கள். பொம்மைப் படையை வரிசைப்படுத்துவதில் நம் பெண்களுக்குப் பரம்பரையாக வந்த தேர்ச்சி உண்டு. எந்தப் படியில் எது நிற்க வேண்டும், எது எதை மறைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சதுரங்கமும் பாதி அதுதான்.

கபாலீசுவரர் சந்நிதியில் நிற்கும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. திருவாரூர் ஜில்லாவில், மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூர் என்று ஒரு ஸ்தலம் இருக்கிறது. அங்கே சுவாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அம்பாள் ராஜகுமாரியாகப் பிறந்து வளர்ந்தாளாம். சதுரங்கத்தில் அவளை வெல்ல நாட்டில் ஆளில்லை. வெல்கிறவனுக்கே பெண் என்று ராஜா அறிவித்தார். கடைசியில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்து ஜெயித்துவிட்டார். அந்தக் கிழவர் சாட்சாத் பரமசிவனே என்பது ஸ்தல புராணம். ஜெயித்தவர் சிவபெருமான் என்பது இருக்கட்டும். அந்த ஊரில் அதுவரை யாரிடமும் தோற்காதவள் ஒரு பெண் என்பதைக் கவனியுங்கள்!

இன்னொரு சமாசாரமும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இன்று பலகையில் ராணி நிற்கும் இடத்தில் பழைய காலத்தில் நின்றவர் மந்திரி. அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு வீடுதான் நகருவார். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுவது தவிர அவரால் அதிகப் பிரயோஜனம் கிடையாது. இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரேபியா வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற இந்த ஆட்டத்தில், மந்திரியின் இடத்துக்கு ராணி வந்தாள். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயின், இத்தாலி தேசங்களில், அவளுக்குத் திடீரென்று எட்டுத் திசையும் எத்தனை வீடும் போகும் அதிகாரம் வந்துவிட்டது. அன்று முதல் பலகையிலே அவளை மிஞ்சிய பலசாலி கிடையாது. பலகைக்கு வெளியே என்ன நிலைமை என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

ஜெயித்தால்தான் நாற்காலி

மயிலாப்பூரிலிருந்து ஆழ்வார்ப்பேட்டை ஒரு நடை தூரம். அங்கே கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்யக் கலாசார மையம் இருக்கிறது. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் சோவியத் கலாசார மையம் என்று இதற்குப் பெயர். 1972-ல், அமெரிக்காவின் ஃபிஷரும் ரஷ்யாவின் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதிக்கொண்ட அதே வருஷம், சோவியத் மையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் பிறந்தது. 1960-ல் உலக சாம்பியனான மிகயீல் டாலின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அதை ஆரம்பித்து வைத்தவர் மானுவேல் ஆரோன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர். 1959-க்கும் 1981-க்கும் இடையே ஒன்பது தடவை தேசிய சாம்பியன். அவர் காலத்தில் நம் வீடுகளில் ஆடிய ஆட்டத்துக்குச் சட்டம் வேறு. சிப்பாய் முதல் தடவையும் ஒரு வீடுதான் நகரும். ராஜா ஒரே ஒரு தரம் குதிரை மாதிரி தாவலாம். உலகப் பந்தயத்துக்குப் போவதென்றால் முதலில் பழைய பழக்கத்தை மறக்க வேண்டியிருந்தது. புத்தகம் கிடைப்பதும் அரிதாயிருந்தது. அந்தக் குறையைத் தீர்த்ததில் டால் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கழகத்தில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. ஆட வருகிறவர்கள் பலர், பலகைகள் சில. ஆகவே ஜெயித்தவர் நாற்காலியில் தொடர்ந்து உட்காரலாம்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். 1970-களின் பிற்பாதியில் ஒரு சின்னப் பையன் அங்கே வர ஆரம்பித்தான். எழுந்து போக அவனுக்கு மனமில்லை. அதனால் ஜெயித்தான்; வேகமாக ஆடி ஜெயித்தான். பிற்காலத்தில் அவனுடைய மின்னல் வேகத்தைக் கண்டு உலகமே அதிசயித்ததற்கு, இந்த நாற்காலி ஆசையும் ஒரு காரணம். விசுவநாதன் ஆனந்த் என்று சொன்னால் போதும் அல்லவா?

ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் தாயார் சுசீலா. 1978-ல் தகப்பனாருக்கு பிலிப்பைன்ஸ் தேசத்தில் உத்தியோகமாகிக் குடும்பம் மணிலாவுக்குப் போயிற்று. அங்கே டெலிவிஷனில் தினம் மத்தியானம் சதுரங்க நிகழ்ச்சி வரும். கடைசியில் ஒரு புதிரும் போடுவார்கள். பையனோ அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா என்ன செய்தார் தெரியுமா? டெலிவிஷன் முன் உட்கார்ந்து ஆட்டத்தையும் புதிரையும் எழுதி வைத்துக்கொண்டார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்துத் தபாலில் அனுப்பினார்கள். பரிசு, ஒரு புத்தகம். பையன் திரும்பத் திரும்பப் பரிசு வாங்குவதைக் கண்ட நிகழ்ச்சிக்காரர்கள், கடைசியில் அவனை அழைத்து, "வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே" என்கிற அர்த்தத்தில் சொல்லி அனுப்பினார்களாம்! ஆனந்தே பல இடங்களில் சொல்லிச் சிரித்த கதை இது. 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். அதற்குப் போட்ட விதை, மணிலாவில் ஒரு தாயார் மத்தியானத் தூக்கத்தை விட்டு எழுதிய அந்தக் குறிப்புகள்.

கண்ணாடிக்கு அப்பால்

அடுத்தாற்போல் அண்ணா சாலை, தேனாம்பேட்டை. அங்குள்ள ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டலில் 2013 நவம்பரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி நடந்தது. பட்டத்தைத் தாங்கியிருந்தவர் ஆனந்த். எதிர்த்து வந்தவர் நார்வேயின் இருபத்திரண்டு வயது மாக்னஸ் கார்ல்ஸன். சத்தம் புகாத கண்ணாடிக்கு அப்பால் இருவரும் உட்கார்ந்து ஆட, இப்பால் இருட்டில் ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். பன்னிரண்டு ஆட்டம் என்று ஏற்பாடு. பத்தாவது ஆட்டத்திலேயே முடிந்துவிட்டது. ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் சொந்த ஊரிலே ஆனந்த் பட்டத்தை இழந்தார்.

ஊர் துக்கப்பட்டது. ஆனால் பார்க்க வந்த கூட்டத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அதே வருஷத்தில்தான் அவன் ஆட்டம் கற்றுக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள்ளே ஒருநாள் தானும் உட்கார வேண்டும் என்ற ஆசை அப்போதே அவனுக்குள் விழுந்துவிட்டது. 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில், பதினெட்டாவது வயதில், சீனாவின் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனானான். குகேஷ் என்று அவனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். தோல்வி நடந்த கூடத்தில் நாற்று விளைந்தது என்றால் மிகையில்லை.

அதே 2013-ல், போட்டிக்குச் சில மாதம் முன்பு கார்ல்ஸன் சென்னைக்கு வந்து, பல பிள்ளைகளோடு ஒரே சமயத்தில் ஆடினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவரை வென்றாள். அவள் பெயர் வைஷாலி. அவளை இந்தக் கட்டுரையில் மறுபடியும் சந்திப்போம்.

தொட்டால் வாங்கியே ஆகவேண்டும்

தியாகராய நகருக்கு வந்துவிட்டோம். பனகல் பூங்காவைத் தாண்டிப் பாண்டி பஜாரில் நடக்கிறோம். 2019-ல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு இங்கே நிம்மதியாக நடக்க முடிகிறது. பந்தயத்துக்குப் பலகையும் காயும் வாங்க வேண்டும் என்றால் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடி அலமாரியில் மினுக்கும் வேலைப்பாட்டுக் காய்கள் கொலுவுக்குத்தான் லாயக்கு. பந்தயத்தில் எல்லாத் தேசத்திலும் ஒரே அச்சுத்தான். 1849-ல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்த அமைப்புக்கு ஸ்டான்டன் என்ற ஆட்டக்காரரின் பெயர். ராஜாவின் உயரம் சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர். மரக் காய்கள் செய்வதில் நம் அமிர்தசரஸ் பேர்போனது. மற்ற காய்களைக் கடைசல் பிடித்துவிடலாம். குதிரையின் முகத்தை மட்டும் உளியால் கையாலேதான் செதுக்க வேண்டும். ஒரு பெட்டியின் தரத்தைப் பார்க்க வேண்டுமானால் குதிரையைப் பாருங்கள். ஆனால் பழகுவதற்கு இத்தனை செலவு தேவையில்லை. சுருட்டி வைக்கக் கூடிய ரெக்ஸின் பலகையும் கனமான பிளாஸ்டிக் காய்களும் போதும். கிராண்ட் மாஸ்டர் ஆனவர்களும் அதில் ஆடிப் பழகியவர்களே.

இந்தப் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மாடிப்படிகளில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடந்தால், அங்கே சதுரங்க வகுப்பு நடக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பாட்டு வகுப்பானால் சத்தம் வரும், இங்கே நிசப்தம்.

என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? ஆட்டத்தை மூன்று பாகமாகப் பிரிக்கிறார்கள். ஆரம்ப ஆட்டம் என்பது கோலம் மாதிரி. புள்ளி எங்கே, இழை எங்கே என்று முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள், மனப்பாடம் செய்யலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் புள்ளிகளை அழித்துக்கொண்டே வருவார் என்பதுதான் வித்தியாசம். இடை ஆட்டத்தில் மனப்பாடம் பலிக்காது. சொந்தப் புத்திதான் துணை. முடிவாட்டத்தில் இரண்டு பக்கமும் படை அழிந்து, ராஜாவும் இரண்டொரு சிப்பாயும் எஞ்சியிருப்பார்கள். கையில் உள்ள கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மாசக் கடைசியில் குடித்தனம் நடத்துவது போன்ற வித்தை அது. கியூபா தேசத்து உலக சாம்பியன் காபாபிளாங்கா, முதலில் படிக்க வேண்டியது முடிவாட்டத்தைத்தான் என்று வற்புறுத்தினார். தள்ளித் தள்ளிப் போய் எட்டாவது வரிசையை அடைந்த சிப்பாய் ராணியாகிவிடலாம் என்கிற அற்புதமும் அங்கேதான் நடக்கிறது.

பெரிய பந்தயம் நெருங்க நெருங்கத் தயாரிப்பு வேறு விதமாக மாறுகிறது. நாளைக்கு எதிராளி யார் என்று தெரிந்தவுடன், அவர் இதுவரை ஆடிய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் தேடி எடுக்கிறார்கள். எந்த வழியில் ஆரம்பிப்பார், எங்கே தடுமாறுவார் என்று ராத்திரி வெகு நேரம் ஆராய்ச்சி நடக்கும். 1997-ல் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த பிறகு, இந்த யந்திரத்தின் துணையில்லாமல் யாரும் பந்தயத்துக்குப் போவதில்லை. இவ்வளவும் செய்துகொண்டு போய் உட்கார்ந்தால், எதிராளி முதல் காயையே வேறு விதமாக நகர்த்திவிடுவார். இட்லிக்கு அரைத்து வைத்திருக்கும்போது சம்பந்தி வீட்டார் பூரி கேட்ட கதைதான்!

சட்டதிட்டங்களிலும் பழக வேண்டும். காயைத் தொட்டால் அதை நகர்த்தியே ஆகவேண்டும். "சும்மா தொட்டேன்" என்றால் செல்லாது. இந்தச் சட்டம் ரங்கநாதன் தெருப் புடவைக் கடைகளில் அமலுக்கு வந்தால் நம் குடும்பங்களின் கதி என்ன என்று நினைத்துப் பார்க்கவே பயமாயிருக்கிறது. பெரிய பந்தயங்களில் இரண்டு பக்கத்தாரும் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இரட்டை முகக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கைத் தொலைபேசியோடு உள்ளே போய் அகப்பட்டால் ஆட்டமே பறிபோகும்.

கூடத்துக்கு வெளியே

அடையாற்றங்கரைப் பக்கம் வந்தால் பந்தயக் களங்களே இருக்கின்றன. 2023 டிசம்பரில் 'சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்' பந்தயம், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, லீலா பாலஸ் ஹோட்டலில் நடந்தது. அதில் முதலாவதாக வந்ததால்தான் குகேஷுக்கு உலகப் பட்டத்துக்கான தகுதிப் பந்தயத்தில் இடம் கிடைத்தது. 2024 நவம்பரில் அதே பந்தயம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்தது. புத்தகம் படிக்க வருகிற கட்டடத்திலே சதுரங்கம். இதைவிடப் பொருத்தமான இடம் வேறு உண்டா? அந்த வருஷம் அரவிந்த் சிதம்பரம் ஜெயித்தார்.

அவை பெரியவர்களின் களம். பிள்ளைகளின் பந்தயங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நடக்கின்றன. அங்கே பெரும்பாலும் 'ஸ்விஸ்' முறைதான். 1895-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஆரம்பித்த ஏற்பாடு இது. தோற்றவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஜெயித்தவர் ஜெயித்தவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற குழந்தையும் கடைசிச் சுற்று வரை ஆடலாம். தாய் உள்ளம் படைத்த யாரோ கண்டுபிடித்த முறை என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்தப் பந்தயங்களில் பார்க்க வேண்டிய காட்சி கூடத்துக்கு வெளியேதான். பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள். தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் மரத்தடியிலும் தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலே தண்ணீர்க் கூஜா, தயிர்சாத டப்பா, வாழைப்பழம், குளிர்சாதனக் கூடத்தில் போட்டுக்கொள்ள ஸ்வெட்டர். சிலர் கையில் பத்திரிகை இருக்கும். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்து ஒரு குழந்தை வெளியே வந்தால் போதும், எல்லாத் தலையும் திரும்பும். முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிடும். அப்படியும் ஒரு கேள்வி எழும்: "ஜெயிச்சியா?"

அந்தக் கேள்வியைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ரசமும் சாதமும்

அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மாமல்லபுரம். 2022-ம் வருஷத்துச் சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் யுத்தம் மூண்டதால் அது இடம் மாறி நம்மிடம் வந்தது. நாலைந்து மாதத்தில் ஊரே தயாராயிற்று. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். வேஷ்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தார்கள். ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தேசங்களின் கோஷ்டிகள் வந்து ஆடின.

அந்தக் கூடத்தில் ஒரு பெண்மணி நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். ஆந்திரத்துக் கிராண்ட் மாஸ்டர் ஹரிகா துரோணவல்லி. கோனேரு ஹம்பி, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோருடன் சேர்ந்து அவர் வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பியாடில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். அதே மாதத்தில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பலகைக்கு வெளியே ராணியின் நிலைமை என்ன என்று கேட்டோம் அல்லவா? ஆண் குழந்தையானால் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் யாராவது ஒருவரோடு வெளியூர் அனுப்பிவிடுகிறார்கள். பெண் குழந்தைக்கு எப்போதும் வீட்டு மனிதர் ஒருவர் துணை போக வேண்டும். ரயில் சத்தம் இரண்டு பேருக்கு. லீவும் இரண்டு பேருக்கு. பத்தாம் வகுப்பு வந்ததும், "போதும், படிப்பைப் பார்" என்கிற பேச்சு முதலில் எழுவது பெண்ணிடம்தான். அதையும் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையின் விஜயலட்சுமி சுப்பராமன் 2001-ல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை வாங்கினார். சகோதரிகளும் ஆடுகிற குடும்பம் அது. ஆர்த்தி ராமசாமி 1999-ல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகப் பட்டத்தை ஸ்பெயினில் வென்றார். பிறகு கணவர் ஆர். பி. ரமேஷுடன் சேர்ந்து பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியையானார்.

இனி வைஷாலியின் வீட்டுக்கு வருவோம். நகரத்தின் மேற்கே, பாடியில் குடும்பம். தகப்பனார் பாங்கு உத்தியோகஸ்தர். பெண் சதா டெலிவிஷனில் கார்ட்டூன் பார்க்கிறாளே என்று கவலைப்பட்டுச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் காயைத் தொட்டான். தம்பி பிரக்ஞானந்தா 2018-லும், அக்கா 2023-லும் கிராண்ட் மாஸ்டர் ஆனார்கள். அக்காவும் தம்பியுமாக இந்தப் பட்டம் பெற்றவர்கள் உலகத்திலேயே இவர்கள்தான் முதல். தாயார் நாகலட்சுமி பிள்ளைகளோடு எந்தத் தேசம் போனாலும் சாதம் வடிக்கும் பாத்திரத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு போவார். பனி கொட்டும் ஊரிலும் பிள்ளைகளுக்கு ரசமும் சாதமும் உண்டு. 2023-ல் பாகு நகரத்தில், பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த மகனைச் சற்றுத் தள்ளி நின்று அவர் பூரித்துப் பார்த்த படம் உலகமெங்கும் பரவியது.

குகேஷ் வீட்டில் ஏற்பாடு நேர்மாறு. தகப்பனார் காது மூக்கு தொண்டை டாக்டர்; தொழிலை நிறுத்தி வைத்துவிட்டுப் பையனோடு ஊர் ஊராகப் போனார். வீட்டில் இருந்து சம்பாதித்துக் குடும்பத்தை நடத்தியவர் தாயார் பத்மா. ஒரு வீட்டில் அம்மா மூட்டை கட்டினார். இன்னொரு வீட்டில் அம்மா உத்தியோகத்தைக் கட்டிக்காத்தார். படம் பிடிக்கிறவர்கள் அறுபத்து நாலு வீட்டைத்தான் படம் பிடிக்கிறார்கள். அறுபத்தைந்தாவது வீடு ஒன்று இருக்கிறது. சண்டை நடப்பது அங்கே, தயாராவது இங்கே.

கேட்க வேண்டிய கேள்வி

ஒரு கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனந்த் பட்டம் வாங்கிய 1988-லிருந்து இதுவரை தமிழ்நாட்டில் கிராண்ட் மாஸ்டரானவர்கள் முப்பதுக்குச் சற்று மேல். மாடிப்படிகளில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் குழந்தைகளோ ஆயிரக்கணக்கில். உங்கள் பிள்ளை அந்த முப்பதில் ஒருவனாகலாம், ஆகாமலும் போகலாம். ஆகாதவர்களுக்கு இந்த ஆட்டம் என்ன கொடுக்கிறது?

அதற்குப் பதில் மறுபடியும் தேனாம்பேட்டையில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் 'சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்' பந்தயம் ஹயாத் ரீஜென்ஸியில் நடந்தது. ஆனந்த் தோற்ற அதே ஹோட்டல். இரண்டாம் பிரிவில் ஆடிய வைஷாலி தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு. சொந்த ஊரில், தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு நாளும் தோற்று, மறுபடி வந்து உட்கார வேண்டும். அடுத்த பந்தயத்துக்குப் போகவே வேண்டாமா என்று கூட அவர் யோசித்தார். ஆனாலும் போனார். ஒரு மாதத்துக்குள், செப்டம்பரில், உஸ்பெகிஸ்தானத்துச் சாமர்கண்டு நகரில் நடந்த மாபெரும் 'கிராண்ட் ஸ்விஸ்' பந்தயத்தில், பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். 2023-லும் அவரே முதல். இரண்டாந் தடவையும் அவரே.

ஏழு தோல்விக்கும் அந்த வெற்றிக்கும் நடுவே இருந்த நாட்களில் அவருக்குக் கைகொடுத்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோற்றவன் முதலில் கை நீட்டிக் குலுக்க வேண்டும். தன் தோல்விக்குத் தானே கையெழுத்துப் போட வேண்டும். முடிந்தால் ஜெயித்தவரோடு உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று காயை வைத்துப் பார்க்க வேண்டும். சதுரங்க உலகத்தின் சம்பிரதாயம் இது. எட்டு வயதில் இதைக் கற்றுக்கொண்ட குழந்தை, பரீட்சையிலோ உத்தியோகத்திலோ ஒரு தடவை சறுக்கினால் இடிந்து உட்காராது.

அந்தப் பாடத்தைக் குழந்தை கற்பதும் மறப்பதும் கதவுக்கு வெளியே நிற்கிறவர் கையில் இருக்கிறது. ஆகவே சகோதரிகளே, கதவு திறக்கும்போது "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். அது முகத்திலேயே எழுதியிருக்கும். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். தயிர்சாத டப்பாவைத் திறந்து கொடுங்கள். பாதி வயிறு நிறைந்ததும் குழந்தையே, "அம்மா, அந்தக் குதிரையை மட்டும் நான் பார்க்கவில்லை" என்று ஆரம்பிக்கும். அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை; காது இருந்தால் போதும்.

சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனான அந்த நிமிஷத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பிள்ளை உடனே எழுந்து ஓடிவிடவில்லை. சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் வீட்டில் திரும்ப வைத்துவிட்டுத்தான் எழுந்தான். விளையாடி முடித்தால் சாமான்களை எடுத்து வைக்க வேண்டும் என்று எந்த வீட்டிலும் சொல்வதுதானே!